சின்னப் பாய்மரப் படகில் அவுட்போர்டு இன்ஜின்: இடம், உயரம், மாட்டும் முறை

"அண்ணே, இன்ஜின் கத்துது, படகு நகரல."

ஒவ்வொரு சீசனிலும் இரண்டு மூன்று பேராவது இப்படி எனக்கு போன் போடுவார்கள். செம்பூர், மாட்டுங்கா, வாஷி என்று மும்பையில் ஆங்காங்கே இருக்கும் நம் ஆட்கள்தான். நாலு பேர் காசு போட்டுப் பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருப்பார்கள். காற்று நின்றால் கரைக்கு வர ஓர் இன்ஜினும் வாங்கிப் பின்னால் மாட்டியிருப்பார்கள். போய்ப் பார்த்தால் இன்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது. மாட்டிய உயரம் தப்பு, அல்லது பக்கம் தப்பு. நான் போவதற்குள் படகில் துளையும் விழுந்திருக்கும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் படகில், பின்பலகையில் இன்ஜினைத் தாங்கி ஏற்றி இறக்கும் பிராக்கெட்டைக் கரையில் வைத்தே மாட்டிவிட்டேன். நீரில் இறக்கிய பிறகுதான் 9 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று தெரிந்தது. நாலு துளையை அடைத்து வேறு நாலு போட்டேன். ஆகவே இந்த வழிகாட்டியில் துளை போடும் வேலை எட்டாவது படியில்தான் வரும். அதற்கு முன்னால் எல்லாமே அளவுதான்.

இங்கே சொல்வது 5 முதல் 7 மீட்டர் நீளம், ஒரு டன் வாக்கில் எடை, பின்பலகையிலேயே சுக்கான் தொங்கும் படகுகளுக்கு. ஸ்பீடு போட் வைத்திருப்பவர்கள் சொல்லும் கணக்கை இதில் கலக்காதீர்கள். அவர்கள் படகு நீரின் மேல் ஏறி ஓடும். நம்முடையது நீரைப் பிளந்துகொண்டு போகும். உயரக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றாக வராது.

1. முதலில் சேகரிக்க வேண்டியவை

அளவு நாடா, மாஸ்கிங் டேப், மார்க்கர், ஒரு மட்டப்பலகை, கெட்டியான அட்டைப்பெட்டி இரண்டு. அளவெடுக்கும் நாளுக்கு இது போதும். இன்ஜினை அன்றைக்கு வாங்கி வைத்திருக்கக் கூடாது. கையில் இன்ஜின் இருந்தால் அதற்குத் தகுந்தபடி அளவை வளைக்கத் தோன்றும்.

மாட்டும் நாளுக்கு வேண்டியவை: 316 ரக எஸ்.எஸ். போல்ட் நாலு, பிராக்கெட்டின் துளைக்கு ஏற்ப 8 அல்லது 10 மி.மீ. தடிமனில், அகல வாஷர், நைலாக் நட், 18 மி.மீ. மெரைன் பிளைவுட் ஒரு துண்டு, எபாக்ஸி, மெரைன் சீலன்ட், டிரில். போல்ட்டும் வாஷரும் நாக்தேவி தெருவில் கிடைக்கும். 304 கொடுத்துவிட்டு 316 என்று சொல்வார்கள், அதனால் போல்ட்டின் தலையில் பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். உப்புக் காற்றில் 304 சீக்கிரமே துரு பூக்கும். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். பழைய பிராக்கெட், கொக்கி, கயிறு போன்றவற்றுக்கு தாருகானா பக்கம் ஒரு நடை போய் வரலாம். ஆனால் பழைய பிராக்கெட் என்றால் ஸ்பிரிங்கையும் கீல் ஊசிகளையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

2. படகை மிதக்கவிட்டு, ஆட்களை ஏற்றி, கோடு போடுங்கள்

முழு வேலைக்கும் இதுதான் அடிப்படை. எல்லாரும் தவறவிடுவதும் இதைத்தான்.

கரையில் நிற்கும் படகில் பழைய பெயின்ட் கோடு தெரியும். அதை நீர்மட்டம் என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் கோட்டை எவரோ எப்போதோ அழகுக்காகப் போட்டிருப்பார்கள். உங்கள் பேட்டரி, நங்கூரம், தண்ணீர்க் கேன், நீங்கள் எல்லாம் ஏறியபின் படகு எங்கே அமர்கிறது என்பது அதற்குத் தெரியாது.

காலையில், காற்று எழும் முன் போங்கள். மும்பைத் துறைமுகத்தில் பிற்பகல் ஆனால் மேற்கிலிருந்து காற்று வந்துவிடும். கேட்வே பக்கமாகப் போகும் லாஞ்ச்சுகளின் அலை வேறு. ஆடுகிற படகில் அளவெடுத்தால் ஆளுக்கு ஓர் எண் சொல்வார்கள்.

படகில் வழக்கமாக இருக்கும் சாமானை எல்லாம் அதனதன் இடத்தில் வையுங்கள். இன்ஜின் வரப்போகும் இடத்தில் 25 கிலோ எடை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். 20 லிட்டர் தண்ணீர்க் கேனோடு ஒரு சின்னக் கேனைச் சேர்த்தால் சரியாக இருக்கும். எப்போதும் வரும் எண்ணிக்கையில் ஆட்கள் காக்பிட்டில் உட்காரட்டும். இப்போது பின்பலகையில் நீர் தொடும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். இது முதல் கோடு.

அடுத்து இரண்டு பேரை அணியத்துக்கு அனுப்புங்கள். அணியம் என்பது படகின் முன்முனை. நம் மீனவர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் இந்தச் சொல்லை விட மனமில்லை. ஆள் முன்னே போனதும் பின்பக்கம் மேலே எழும். இப்போது நீர் தொடும் இடத்தில் இரண்டாவது டேப். என் படகில் இரண்டுக்கும் நடுவே 6 சென்டிமீட்டர் வந்தது.

இரண்டாவது கோடு எதற்கு? இன்ஜின் அவசியமாக வேலை செய்ய வேண்டிய நேரத்தை யோசித்துப் பாருங்கள். படகைக் கட்டும் மிதவையைப் பிடிக்கவோ நங்கூரம் போடவோ ஒருவர் அணியத்துக்கு ஓடுவார். அந்தக் கணத்தில்தான் பின்பக்கம் எழுந்து, ப்ரொப்பெல்லர் காற்றை விழுங்கி, இன்ஜின் கத்தும். மாண்ட்வாவிலிருந்து திரும்பும்போது எங்களுக்கு இது நடந்தது. நண்பர் கொக்கியோடு முன்னே படுத்திருக்கிறார், மிதவைக்கு இன்னும் இரண்டு கை தூரம். வற்றம், அதாவது கடலுக்கு வடியும் நீர், எங்களைப் பின்னால் இழுக்கிறது, இன்ஜின் வெறும் சத்தம் போடுகிறது. அவர் திரும்பிப் பார்த்து, "என்னய்யா, நியூட்ரல்ல வச்சிருக்கியா?" என்றார். கியர் சரியாகத்தான் இருந்தது. ப்ரொப்பெல்லருக்குத்தான் நீர் இல்லை.

இனி எல்லா அளவுக்கும் இரண்டாவது கோட்டையே நீர்மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஷாஃப்ட் நீளத்தைக் கணக்கிடுங்கள்

ப்ரொப்பெல்லருக்குச் சற்று மேலே, படுக்கை வாட்டில் ஒரு தட்டையான தகடு இருக்கும். கேவிட்டேஷன் பிளேட் என்பார்கள். மேலிருந்து காற்று இறங்கி ப்ரொப்பெல்லருக்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. ஷாஃப்ட் நீளம் என்று கடையில் சொல்வது, இன்ஜின் பலகையில் உட்காரும் இடத்திலிருந்து ஏறக்குறைய இந்தத் தகடு வரையான தூரம்.

ஷார்ட் 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. லாங் 20 அங்குலம், 51 செ.மீ. எக்ஸ்ட்ரா லாங் 25 அங்குலம், 63.5 செ.மீ. பாய்மரப் படகுக்கு லாங்குக்குக் கீழே வாங்காதீர்கள். ஷார்ட் ஷாஃப்ட் இன்ஜின்கள் பழையதாக மலிவாகக் கிடைக்கும். கிடைப்பதே நமக்கு ஆகாது என்பதால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடு போட்டில் இந்தத் தகடு படகின் அடிமட்டத்தை ஒட்டி இருந்தால் போதும். நமக்கு அது நீரின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். படகு முன்னும் பின்னும் தலையாட்டுவதுதான் காரணம். தலையாட்டலின் நடுப்புள்ளியிலிருந்து ப்ரொப்பெல்லர் 3 மீட்டர் பின்னால் இருக்கிறது, படகு 5 டிகிரி ஆடுகிறது என்றால், ப்ரொப்பெல்லர் இருக்கும் இடம் 26 செ.மீ. மேலே போகும். நீரும் அலையோடு கூடவே எழுவதால் அத்தனையும் வெளியே வந்துவிடாது. ஆனாலும் 5 செ.மீ. ஆழத்தில் மாட்டியவர்கள் ஏன் தவிக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

கணக்கு இதுதான்: ஷாஃப்ட் நீளத்திலிருந்து, தகடு நீருக்குள் இருக்க வேண்டிய ஆழத்தைக் கழியுங்கள்; நான் 17 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். வருவது, இன்ஜின் உட்காரும் விளிம்பு நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பது. லாங் ஷாஃப்ட்டுக்கு 51 கழித்தல் 17, அதாவது 34 செ.மீ. எக்ஸ்ட்ரா லாங்குக்கு 63.5 கழித்தல் 17, 46.5 செ.மீ.

என் படகில் பின்பலகையின் மேல் விளிம்பு இரண்டாவது கோட்டிலிருந்து 62 செ.மீ. உயரம். லாங் ஷாஃப்ட்டை நேராக அதன்மேல் மாட்டினால் தகடு நீருக்கு 11 செ.மீ. மேலே தொங்கும். எக்ஸ்ட்ரா லாங்கைப் போட்டாலும் ஒன்றரை சென்டிமீட்டர்தான் முங்கும். ஆக, பிராக்கெட் இல்லாமல் வழியே இல்லை. உங்களுக்கும் அநேகமாக இதே விடைதான் வரும்.

'அப்படியானால் இன்னும் கீழே இறக்கிவிடலாமே' என்று தோன்றும். வேண்டாம். ஷாஃப்டின் மேற்பகுதியில், இன்ஜின் தலைக்குக் கீழே பின்பக்கம், புகை வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும். இன்ஜின் சும்மா ஓடும்போது புகை அதன் வழியாகத்தான் வரும். அது முங்கினால் ஸ்டார்ட் ஆக மறுக்கும். பின்னாலிருந்து அலை வந்தால் தலைக்குள் உப்புநீர் ஏறும். 15 முதல் 20 செ.மீ. என்பதுதான் எனக்கு ஒத்துவந்த ஆழம்.

4. சக்தியும் எடையும்

இதில் நேரம் கடத்த வேண்டாம். நீர்மட்டத்தில் 18 அடி நீளமுள்ள படகு, எவ்வளவு பெரிய இன்ஜின் போட்டாலும் 5.7 நாட் வாக்கில், அதாவது மணிக்குப் பத்தரை கி.மீ.யில், நின்றுவிடும். அடி கணக்கிலுள்ள நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எண் வரும். அதற்கு மேல் கொடுக்கும் சக்தியெல்லாம் பின்பக்கத்தை அமுக்கத்தான் போகும்.

ஒரு டன்னுக்கு 4 குதிரைசக்தி என்பது பழகிய கணக்கு. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டர் வாக்கில் வித்தியாசம் வரும். சென்னைக் கடலில் அது ஒரு மீட்டர் வாக்கில்தான். அவ்வளவு நீர் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து வெளியே போவதால் நீரோட்டம் பலமாக இருக்கும். ஆகவே 5 அல்லது 6 குதிரைசக்தி எடுங்கள். ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் 4, 5, 6 மூன்றும் பெரும்பாலும் ஒரே உடம்பு, 26 கிலோ வாக்கில்தான் எடை. அடுத்த படியான இரட்டை சிலிண்டர் 8, 9.8 எல்லாம் 40 கிலோவுக்குப் பக்கத்தில் போய்விடும். அந்தப் 14 கிலோவும் படகின் கடைக்கோடியில் தொங்கும் என்பதை மறக்காதீர்கள்.

ப்ரொப்பெல்லரைக் கேட்டு வாங்குங்கள். கடையில் இன்ஜினோடு வருவது பெரும்பாலும் ரப்பர் டிங்கிக்கு ஏற்றது. கனமான படகைத் தள்ளப் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் ப்ரொப்பெல்லர் முன்னேறும் தூரம், குறைவாக உள்ளது வேண்டும். இந்த அளவு இன்ஜினுக்கு 6 அல்லது 7 அங்குலம்.

5. இடதா, வலதா, எவ்வளவு தள்ளி

நடுவில் சுக்கான் இருப்பதால் இன்ஜின் ஒரு பக்கம்தான் போகும். "எந்தப் பக்கமானா என்ன அண்ணே?" என்று கேட்காதவர் இல்லை.

முதலில் கியர் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சின்ன இன்ஜின்கள் பலவற்றில் கியர் நெம்புகோல் வலது பக்கத்தில் இருக்கும். அந்த இன்ஜினைப் படகின் வலது பக்கம் மாட்டினால், நெம்புகோல் கடலைப் பார்த்திருக்கும். ரிவர்ஸ் போட ஒவ்வொரு தடவையும் வெளியே குனிந்து இன்ஜினைக் கட்டிப்பிடிக்க வேண்டும். இடது பக்கம் மாட்டினால் நெம்புகோல் உங்களைப் பார்த்திருக்கும். நான் பார்த்த படகுகளில் பாதிக்கு மேல் இடதுபக்கம் மாட்டியிருப்பது இதனால்தான். சிலவற்றில் கியர் முன்பக்கமே இருக்கும்; அப்போது ஏணி எந்தப் பக்கம் என்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம். நீந்தி ஏறுகிறவரின் காலுக்குப் பக்கத்தில் ப்ரொப்பெல்லர் இருக்கக் கூடாது.

இடதுபக்க இன்ஜின் முன்னோக்கித் தள்ளும்போது படகு தானாக வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். ரிவர்ஸில் அணியம் இடப்பக்கம் போகும். இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை பழகிவிட்டால் இறங்குதுறையில் திருப்ப உதவியாகவே இருக்கும்.

அடுத்தது தூரம். நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி? முடிந்த அளவு பக்கத்தில். ஆனால் சுக்கானில் இடிக்கக் கூடாது. சுக்கான் இலை 30 செ.மீ. அகலம் என்றால், 45 டிகிரி திருப்பும்போது அதன் பின்விளிம்பு 21 செ.மீ. பக்கவாட்டில் வரும். ப்ரொப்பெல்லரின் பாதி அகலம் 10 செ.மீ. நடுவில் 5 செ.மீ. இடைவெளி. கூட்டினால் 36. இன்ஜினின் நடுப்புள்ளி நடுக்கோட்டிலிருந்து 36 செ.மீ.யில் வரலாம், அதற்கு உள்ளே வரக் கூடாது.

ஏன் அதற்கு வெளியேயும் போகக் கூடாது? படகு பக்கவாட்டில் 15 டிகிரி சாய்ந்தால், 36 செ.மீ. தள்ளி இருக்கும் ப்ரொப்பெல்லர் 9 செ.மீ. மேலே எழும். 17 செ.மீ. ஆழத்தில் 8 மிஞ்சும், சமாளித்துவிடலாம். இடம் நிறைய இருக்கிறதே என்று 60 செ.மீ. தள்ளி மாட்டினால் பதினைந்தரை எழும். ஒரு லாஞ்ச் குறுக்கே போன அலைக்கே இன்ஜின் கத்தும்.

6. அட்டையில் இன்ஜின் செய்து ஒத்திகை பாருங்கள்

சிரிக்காதீர்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, இன்ஜினின் பக்கத் தோற்றத்தை முழு அளவில் வெட்டுங்கள். அளவுப்படம் இன்ஜினின் கையேட்டில் இருக்கும். பிராக்கெட்டின் கீழ்நிலை, மேல்நிலை இரண்டிலும் அதைப் பிடித்து டேப்பால் ஒட்டிப் பாருங்கள்.

கீழ்நிலையில் பார்க்க வேண்டியது: உட்காரும் விளிம்பு நீங்கள் கணக்கிட்ட 34 செ.மீ.யில் வருகிறதா? பிராக்கெட்டை மாட்டும் போல்ட்டுகளும் இன்ஜின் உட்காரும் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்காது. கீழே இறக்கும்போது விளிம்பு போல்ட்டுகளுக்குக் கீழே போகும். எவ்வளவு கீழே என்பதை உங்கள் பிராக்கெட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். நான் 9 செ.மீ. தப்பவிட்டது இந்த இடத்தில்தான்.

மேல்நிலையில் இன்ஜினைச் சாய்த்துப் பாருங்கள். பாய் விரித்துப் போகும்போது ப்ரொப்பெல்லர் முழுக்க நீருக்கு வெளியே இருக்க வேண்டும். நீரில் இழுபட்டால் வேகம் போகும், பாசியும் சிப்பியும் ஏறும். சாய்த்த தலை, பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பின்கம்பியிலோ கைப்பிடிக் கம்பியிலோ முட்டுகிறதா? மெயின் பாயின் கயிறு அதில் சிக்குமா? கயிறு சிக்குவது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அடித்துப் போகும்போது, அந்தக் கயிறு இன்ஜின் மூடியைக் கழற்றிக் கடலில் எறிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, காக்பிட்டில் உட்கார்ந்தபடியே கையை நீட்டுங்கள். ஸ்டார்ட் கயிறு, சோக், கியர், பிராக்கெட்டை ஏற்றும் பிடி நான்கும் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் இப்போதே இடத்தை மாற்றுங்கள். அட்டைதானே.

7. பின்பலகை தாங்குமா என்று பாருங்கள்

26 கிலோ தானே என்று எண்ண வேண்டாம். அது பலகைக்கு 30 செ.மீ. வெளியே தொங்குகிறது, அலையில் படகு விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் போல்ட்டுகளைப் பிய்க்கப் பார்க்கும்.

ஒரு பத்து ரூபாய் நாணயத்தால் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. தொப்பென்று கேட்கும் இடத்தில் ஃபைபருக்கு உள்ளே இருக்கும் மரம் ஊறிப்போயிருக்கிறது. அங்கே போல்ட் போடக் கூடாது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பலகை நன்றாக இருந்தாலும் உட்புறம் பிளைவுட் துண்டு வைத்தே தீர வேண்டும். பிராக்கெட்டின் அடியைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. பெரிதாக, எல்லா முகமும் எபாக்ஸி பூசி. வாஷரை மட்டும் நம்பினால் ஒரே சீசனில் ஃபைபரில் நட்சத்திர விரிசல் விழும்.

8. இப்போது துளை

வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டி, பிராக்கெட்டை வைத்து, மட்டப்பலகையால் சரிபார்த்துக் குறியுங்கள். நீரில் ஆடும் படகில் மட்டப்பலகை பொய் சொல்லும். படகு கரையில் இருந்தால், நீங்கள் ஒட்டிய இரண்டு டேப்புகளுக்கு இணையாக வையுங்கள். உட்புறம் எந்த இடத்தில் துளை வெளிவரும் என்று தலையை உள்ளே விட்டுப் பாருங்கள்; வயரோ குழாயோ இருக்கலாம்.

முதலில் ஒரே ஒரு துளை, 3 மி.மீ. டிரில்லில். அது சரியான இடத்தில் வந்தால் மற்றவை. உள்ளே மரம் உள்ள பலகை என்றால், போல்ட்டைவிடப் பெரிய துளையாகப் போட்டு, எபாக்ஸியால் அடைத்து, காய்ந்ததும் அதன் நடுவில் சரியான அளவுக்குத் திரும்பத் துளையிடுங்கள். இரண்டு நாள் வேலைதான், ஆனால் மரத்துக்கு நீர் போகவே போகாது.

சிலிக்கான் வேண்டாம். கீழே வழுக்கிவிடும், பின்னால் பெயின்ட்டும் ஒட்டாது. மெரைன் சீலன்ட் தடவி, நட்டுகளைப் பாதி இறுக்கத்தில் விட்டு, மறுநாள் முழுக்க இறுக்குங்கள். முதல் நாளே முறுக்கினால் சீலன்ட் எல்லாம் வெளியே பிதுங்கி, உள்ளே ஒன்றும் மிஞ்சாது. இறுக்கும்போது போல்ட் தலையை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்புங்கள். எஸ்.எஸ். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவாவிட்டால் பாதியில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

9. இன்ஜினைப் படகில் ஏற்றுவது

நல்ல ஏற்றத்தில், நீர் நிற்கும் நேரத்தில் செய்யுங்கள். அப்போது படகும் இறங்குதுறையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். வற்றத்தில் பாசி பிடித்த படிகளில் 26 கிலோவோடு இறங்குவது கால் முறிய வழி.

முதலில் கயிறு, பிறகுதான் தூக்கல். இன்ஜினில் 8 மி.மீ. கயிறு கட்டி, மறுமுனையைப் படகின் வலுவான வளையத்தில் கட்டுங்கள். பிராக்கெட்டில் கட்டாதீர்கள்; பிராக்கெட் உடைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பாய் ஏற்றும் கயிற்றைக் கொண்டு ஒருவர் எடையைத் தாங்க, இன்னொருவர் வழிகாட்டி இறக்கட்டும். பிடிதிருகுகளைக் கையால் நன்றாக இறுக்குங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு ஒருமுறை, கரைக்கு வந்ததும் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள். புதுப் பிளைவுட் அமுங்கிக் கொடுக்கும், அதனால்தான்.

10. சாய்மானத்தைச் சரிசெய்து, நீரில் சோதியுங்கள்

இன்ஜின்கள் 12 முதல் 15 டிகிரி சாய்ந்த பின்பலகைக்காகச் செய்யப்படுபவை. நம் படகுகளில் பலகை செங்குத்தாகவோ எதிர்ப்பக்கம் சாய்ந்தோ இருக்கும். ஓடும்போது தகடு நீர்மட்டத்துக்கு இணையாக இருக்கும்படி, இன்ஜினின் சாய்வு ஊசியை வேறு துளைக்கு மாற்றுங்கள். போதவில்லையென்றால் ஆப்பு வடிவ மரத்துண்டு வையுங்கள். ப்ரொப்பெல்லர் வெளிப்பக்கம் நீட்டினால் பின்பகுதி அமுங்கும், உட்பக்கம் மடங்கினால் அணியம் நீரைக் குத்தும். இரண்டிலும் சக்தி வீண்.

அவசர நிறுத்தக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் பின்னால் பீய்ச்சும் மெல்லிய நீரைப் பாருங்கள். "ஒண்ணுக்குப் போகுதா?" என்றுதான் எங்கள் படகில் கேட்போம். போகவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். துறைமுக நீரில் பிளாஸ்டிக் பை வந்து நீர் உறிஞ்சும் வாயை மூடிவிடுவது சகஜம்.

அப்புறம் முழு வேகத்தில் ஓடும்போதே இரண்டு பேரை அணியத்துக்கு அனுப்புங்கள். சத்தம் மாறக் கூடாது. மாறினால் பிராக்கெட் இன்னும் கீழே வர வேண்டும். ரிவர்ஸ் போடும் முன் சாய்வுப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் துள்ளி மேலே வரும், படகு நிற்காமல் இறங்குதுறையில் மோதும். இன்ஜினை நேராக வைத்து உராய்வுத் திருகை இறுக்கிவிட்டு, சுக்கானால் ஓட்டிப் பழகுங்கள்; இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால் ஐந்தாவது படியில் விட்ட 5 செ.மீ. இடைவெளி போய்விடும்.

கடைசிச் சோதனையைப் பிற்பகலில் வையுங்கள். மேற்குக் காற்று உள்ளே வர, வற்றம் வெளியே போக, குட்டையான செங்குத்து அலை எழும் நேரம். அதில் இன்ஜின் இடைவிடாமல் இழுத்தால் உயரம் சரி. எப்போதாவது ஒருமுறை கத்துவது பரவாயில்லை.

11. பெட்ரோலும் பராமரிப்பும்

தனி பெட்ரோல் டாங்க் இருந்தால் அதைப் பின்மூலையில் வைக்காதீர்கள், இன்ஜின் எடையோடு சேர்ந்து பின்பகுதியை அமுக்கும். மூடிய அறைக்குள்ளும் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடித்தட்டில் தேங்கி நிற்கும். காக்பிட்டில், காற்று படும் இடத்தில் கட்டிப் போடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் டாங்கில் விடாதீர்கள், ஓட்டாத நாட்களில் கார்பரேட்டரை வடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறை வந்ததும் இன்ஜினின் காலை நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் விட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். மிதவையில் படகை விட்டுப் போகும்போது பிராக்கெட்டை மேலே ஏற்றிச் சாய்த்தே விடுங்கள்.

மே மாதக் கடைசியில், மழைக்குப் படகை ஏற்றும் முன், இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அன்றைக்கே பிராக்கெட்டின் நாலு போல்ட்டுகளுக்குக் கீழே பின்பலகையை டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய பழுப்புக் கோடு ஏதாவது வழிந்திருந்தால், அந்த ஒரு போல்ட்டை மட்டும் கழற்றி, துளையைக் காயவைத்து, புதிதாக சீலன்ட் போட்டு மாட்டுங்கள். மற்ற மூன்றையும் தொட வேண்டாம்.